‘பெய்யென் யுன்யி’ வழக்கு: ஒரு பெண் குழந்தையின் பெயருக்காக ஆறு ஆண்டுகள்

சீனாவின் ஷான்டோங் மாகாணத் தலைநகரான ஜீனானில் 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தந்தையின் குடும்பப்பெயர் லூ. தாயின் குடும்பப்பெயர் ஜாங். இருவரும் கலந்து பேசி மகளுக்குத் தேர்ந்த பெயர் நான்கு எழுத்துகளால் ஆனது: பெய், யென், யுன், யி. முதல் எழுத்து வடக்கைக் குறிக்கும், இரண்டாவது, பருவந்தோறும் வரிசைகட்டிப் பறக்கும் காட்டு வாத்தை, மூன்றாவது மேகத்தை, நான்காவது, ஒன்றைச் சார்ந்து அண்டியிருத்தலை. சேர்த்துப் படிக்கும்போது வடதிசைப் பறவையும் அதை ஒட்டிய மேகமுமாக ஒரு வானம் விரிகிறது. நான்கு எழுத்துகளும் புகழ்பெற்ற நான்கு செவ்வியல் கவிதைகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்றும், மகள் நன்றாக வாழ வேண்டும் என்ற தங்கள் விருப்பம் அவற்றில் அடங்கியிருக்கிறது என்றும் பெற்றோர் பின்னர் நீதிமன்றத்தில் கூறினர். ஆனால் அந்தப் பெயரில் லூவும் இல்லை, ஜாங்கும் இல்லை.

இந்தப் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற மறுத்த காவல் நிலையத்தின் மீது, குழந்தையையே வாதியாகக் கொண்டு தொடுக்கப்பட்ட வழக்கு, நகரின் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கியது. சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் பேரவையின் நிலைக்குழு ஒரு சட்ட விளக்கம் வெளியிடும் வரை அது காத்திருந்து, 2015-இல் தீர்ப்பாகி, 2017 நவம்பரில் உச்ச மக்கள் நீதிமன்றத்தின் 89-ஆம் எண் வழிகாட்டு வழக்காக வெளியிடப்பட்டது. சீனப் பெண் குழந்தைக்குப் பெயர் வைப்பதில் பெற்றோருக்கு எங்கே முழு உரிமை இருக்கிறது, எங்கே ஏறக்குறைய இல்லை என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறொரு நிகழ்வை நான் அறியேன். அந்தப் பெற்றோர் தங்கள் கற்பனையைப் பெயரின் எந்தப் பகுதியில் செலவிட்டிருக்க வேண்டுமோ அங்கே மட்டும் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதும், அந்தத் தவற்றுக்குச் சட்டத்தின் தெளிவின்மையும் ஒரு காரணம் என்பதும் இந்த ஆய்வில் நான் வந்தடைந்த முடிவு.

பெயரின் இரண்டு பகுதிகள்

தலைப்பெழுத்தும் பெயரும் என்று பழகிய நமக்குச் சீனப் பெயரின் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் குடும்பப்பெயர் முன்னால் வரும். இடுபெயர் பின்னால் வரும். குடும்பப்பெயர் பெரும்பாலும் ஒரே எழுத்து. இடுபெயர் ஒன்று அல்லது இரண்டு எழுத்து. பள்ளி வருகைப்பதிவு, வங்கிப் படிவம், கல்லறைக் கல் ஆகிய எல்லாவற்றிலும் இந்த வரிசை மாறுவதில்லை. குடும்பப்பெயரைக் குறிக்கும் ‘ஷிங்’ என்ற எழுத்தே ‘பெண்’, ‘பிறப்பு’ என்ற இரண்டு உருக்கள் சேர்ந்து அமைந்தது. இன்று அது பெரும்பாலும் தந்தை வழியில் இறங்கினாலும், எழுத்தின் உருவம் வேறொரு பழமையை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

குடும்பப்பெயர்களின் தொகை சிறியது. சோங் அரசர் காலத்தில் தொகுக்கப்பட்டு, பிள்ளைகள் மனப்பாடம் செய்துவந்த ‘நூறு குடும்பப்பெயர்கள்’ என்ற சிறுநூல் 500-க்கும் மேற்பட்ட பெயர்களைத் தருகிறது. ஓயாங், சிமா, ஜுகே போன்ற ஈரெழுத்துக் குடும்பப்பெயர்களும் அவற்றுள் உண்டு. ஆனால் வழக்கில் மிகுந்தவை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் 2020-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட பெயர் அறிக்கையின்படி, வாங், லீ, ஜாங், லியு, சென் என்ற ஐந்து குடும்பப்பெயர்கள் மட்டும் பதிவான மக்கள்தொகையில் 30.8 விழுக்காட்டினருக்கு உரியவை. இடுபெயரும் ஓரெழுத்தாக இருந்துவிட்டால் ஒரே பெயரில் எண்ணற்றோர் சேர்ந்துவிடுவர். ஜாங் வெய் என்ற பெயரை 2,90,000 பேருக்கு மேல் தாங்கியிருக்கிறார்கள். தாயின் குடும்பப்பெயர் ஜாங்காக இருந்த ஒரு வீட்டில், மகளின் பெயர் வேறு யாருக்கும் இருக்கக் கூடாது என்ற ஏக்கம் பிறந்ததில் வியப்பில்லை.

இடுபெயரிலோ கட்டுப்பாடு மிகக் குறைவு. எந்த எழுத்தையும் எந்த எழுத்தோடும் சேர்க்கலாம். இதற்கு முன் எவருக்கும் இல்லாத சேர்க்கையையும் உண்டாக்கலாம். பெயருக்கென்று தனிச் சொற்பட்டியல் கிடையாது என்பதால், ஒவ்வொரு வீடும் தன் குழந்தைக்கான பெயரைப் புதிதாகவே இயற்றுகிறது என்று சொல்ல வேண்டும். ஓசை, பொருள், எழுதும்போது கோடுகளின் எண்ணிக்கை, குடும்பப்பெயரோடு சேரும்போது சுரங்களின் ஏற்ற இறக்கம், அதே ஒலியுள்ள வேறு சொற்களில் ஏதேனும் கெட்ட பொருள் மறைந்திருக்கிறதா என்ற ஐயம் ஆகிய எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பெரியவர்கள் பல நாள் உட்கார்ந்து முடிவு செய்வதுண்டு. தாத்தா பாட்டியின் பெயரை வைப்பது மட்டும் ஆகாது. மூத்தோர் பெயரின் எழுத்தை இளையவருக்கு இடுவது அவமதிப்பாகக் கருதப்படும். பெயரைத் தாங்குவதனாலேயே மகன் வயிற்றுப் பிள்ளையைப் ‘பெயரன்’ என்று அழைத்த நம் வழக்கத்துக்கு இது நேர் எதிரானது.

பெண் மகவுக்குப் பெயர் தேடுவோர் பழங்கவிதைக்குப் போவது நீண்ட மரபு. பெண்ணுக்கு ஷிஜிங், ஆணுக்குச் சூத்ஸி என்று இரண்டு பழந்தொகைகளைச் சுட்டும் வழக்குமொழியே உண்டு. 1930-இல் நிங்போவில் பிறந்த தூ யோயோவின் பெயர், மான்கள் ‘யோ யோ’ என்று கூவிப் புல்வெளியில் மேயும் ஷிஜிங் பாடலிலிருந்து வந்தது. அதே பாடலின் அடுத்த பத்தியில் மான்கள் மேயும் பூண்டு மாசிப்பத்திரி இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்துச் செடியிலிருந்தே மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் மருந்தை அவர் பிரித்தெடுத்தார். அதற்கான நோபல் பரிசு, நாம் பேசும் வழக்கு முடிந்த அதே 2015-இல் அவருக்குக் கிடைத்தது. கட்டடக்கலை அறிஞர் லின் ஹுயியின்னுக்குத் தாத்தா வைத்த பெயரும் ஷிஜிங் தந்ததே. ஏறக்குறைய அதே பெயரில் ஆண் எழுத்தாளர் ஒருவர் எழுதிவந்ததால், குழப்பத்தைத் தவிர்க்க ஒலி மாறாமல் கடைசி எழுத்தை மட்டும் அவர் பின்னாளில் மாற்றிக்கொண்டார். ஆக, கவிதையிலிருந்து பெயர் எடுத்தது ஜீனான் பெற்றோரின் தவறே அல்ல. அதில் அவர்கள் மரபுவழியே நின்றார்கள்.

பதிவு மேசையில் நடந்தது

சீனாவில் குழந்தை பிறந்த ஒரு மாதத்துக்குள் குடும்பப் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும் என்பது 1958-ஆம் ஆண்டின் குடும்பப் பதிவு விதி. ‘ஹூகோவ்’ எனப்படும் இந்தப் பதிவேட்டைப் பராமரிப்பது காவல் நிலையம். அடையாள அட்டை, பள்ளிச் சேர்க்கை, மருத்துவக் காப்பீடு ஆகியவை எல்லாம் இந்தப் பதிவையே அடித்தளமாகக் கொண்டவை.

லூ குடும்பம் இதற்கு முந்தைய கட்டங்களை இடையூறின்றிக் கடந்திருந்தது. மருத்துவப் பிறப்புச் சான்றிதழிலும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவைக் கையேட்டிலும் ‘பெய்யென் யுன்யி’ என்றே எழுதப்பட்டது; அங்கே எவரும் தடுக்கவில்லை. 2009 பிப்ரவரியில் தந்தை லீஷியா மாவட்டத்தின் யென்ஷான் காவல் நிலையத்துக்குப் போனார். குழந்தையின் குடும்பப்பெயர் லூ அல்லது ஜாங் என இருக்க வேண்டும், இல்லையேல் பிறப்புப் பதிவுக்கான தகுதி நிறைவாகாது என்று அங்கிருந்த காவலர் தெரிவித்தார். தந்தை தாம் தேர்ந்த பெயரிலேயே உறுதியாக நின்றார். அன்றே பதிவு மறுக்கப்பட்டது.

இங்கே ஒரு சிறு செய்தி. யென்ஷான் என்ற இடப்பெயரில் உள்ள ‘யென்’ தகைவிலான் பறவையைக் குறிப்பது. குழந்தையின் பெயரில் உள்ள ‘யென்’ காட்டு வாத்தைக் குறிப்பது. காதுக்கு இரண்டும் ஒன்று, எழுத்தில் இரண்டும் வேறு. சீனப் பெயரை ஒலியாக மட்டும் அறிந்தவர் அதைப் பாதியே அறிந்தவர் என்பதற்கு இது போதும். தமிழில் எழுதும் எனக்கும் அந்தக் குறை உண்டு என்பதால்தான் ஒவ்வொரு எழுத்தின் பொருளையும் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுப்பை எதிர்த்து லீஷியா மாவட்ட மக்கள் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. வாதி: கைக்குழந்தை. அவளுடைய சட்டப்படியான பிரதிநிதி: தந்தை. கோரிக்கை: இந்தப் பெயரில் பதிவு செய்ய மறுத்தது சட்டவிரோதம் என்று அறிவிக்க வேண்டும். விசாரணையின்போது தந்தை தம் நிலைப்பாட்டை ஒரு படி முன்னே கொண்டுபோனார்: ‘பெய்யென்’ குடும்பப்பெயர், ‘யுன்யி’ இடுபெயர் என்று பிரித்துக் காட்டினார். ஓயாங், சிமா போலத் தோற்றத்தில் இதுவும் ஈரெழுத்துக் குடும்பப்பெயர்தான். வேறுபாடு, அந்தக் குடும்பப்பெயரோடு அதற்கு முன் அவ்வீட்டில் எவரும் வாழ்ந்ததில்லை என்பதே.

வழக்கின் மையத்தில் இருந்த ‘-லாம்’

பதிவை மறுத்த காவல் நிலையம் கைகாட்டியது திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவை. அந்தப் பிரிவு மிகச் சுருக்கமானது: பிள்ளைகள் தந்தையின் குடும்பப்பெயரை ஏற்கலாம், தாயின் குடும்பப்பெயரை ஏற்கலாம். இதற்கு எதிரே பொதுக் குடியியல் கோட்பாடுகள் சட்டத்தின் 99-ஆம் பிரிவு நின்றது: குடிமக்களுக்குப் பெயருரிமை உண்டு, தம் பெயரைத் தீர்மானிக்கவும், பயன்படுத்தவும், விதிகளின்படி மாற்றவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

‘ஏற்கலாம்’ என்பதை எப்படிப் படிப்பது? தமிழின் ‘-லாம்’ போலவே சீன மொழியின் அந்தச் சொல்லும் அனுமதியைக் குறிப்பது, கட்டளையை அல்ல. “காபி குடிக்கலாம், தேநீர் குடிக்கலாம்” என்று சொன்னால் மோர் குடிப்பது தடைசெய்யப்பட்டதாகாது. இந்தப் படிப்பை ஏற்றால் மூன்றாவது குடும்பப்பெயருக்கு இடம் உண்டு. காவல் நிலையமோ வேறு விதமாகப் படித்தது. மணமுறிவுக்குப் பின் பிள்ளைகளின் குடும்பப்பெயரை மாற்றுவது குறித்து 2009 டிசம்பர் 23 அன்று உச்ச மக்கள் நீதிமன்றம் செய்தியாளர் கூட்டத்தில் அளித்த பதிலை அது துணைக்கு அழைத்தது: தந்தையினுடையது, தாயினுடையது என்று இரண்டைத்தான் சட்டம் சொல்கிறது, மூன்றாவதைச் சொல்லவில்லை. சட்டம் வெளிப்படையாக இடம்தராத ஒன்றை நிர்வாக அமைப்பு செய்ய முடியாது. எனவே வழி இரண்டே என்பது அதன் வாதம்.

சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சிக்கலை அவிழ்க்க முடியாது. பிரிவின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1980-ஆம் ஆண்டின் திருமணச் சட்டத்தில் இதே விதி 16-ஆம் பிரிவாக இருந்தது. அப்போது அது “தந்தையின் குடும்பப்பெயரை ஏற்கலாம், தாயின் குடும்பப்பெயரையும் ஏற்கலாம்” என்றிருந்தது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த ‘உம்’ நீக்கப்பட்டது. தாயின் பெயர் ஏதோ சலுகையாகச் சேர்க்கப்பட்டது போன்ற தொனியை அகற்றி, இருவரையும் ஒரே தட்டில் வைப்பதே அந்த ஓரெழுத்து நீக்கத்தின் விளைவு. ஆகவே இந்த விதி பிறந்தது தந்தைக்கும் தாய்க்கும் இடையிலான சமத்துவத்துக்காக. குடும்பப்பெயரைப் புதிதாகப் படைக்கும் உரிமையைப் பற்றி அது சிந்திக்கவே இல்லை. அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இரு தரப்பும் அந்த வாக்கியத்திலிருந்து அதில் இல்லாத விடையை வருவிக்க முயன்றன என்பதே என் கணிப்பு.

காவல் நிலையம் முன்வைத்த இன்னொரு வாதத்தை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பெற்றோரின் குடும்பப்பெயரைத் தாங்குவது இரத்த உறவை அடையாளம் காட்டுவதால் நெருங்கிய உறவினருக்கிடையிலான திருமணம் பெருமளவு தவிர்க்கப்படுகிறது என்றது அது. தந்தையின் பெயரை மட்டும் ஏற்கும் பிள்ளையின் தாய்வழி உறவு பெயரில் தெரிவதே இல்லை. அத்தை மகனும் மாமன் மகளும் எப்போதும் வெவ்வேறு குடும்பப்பெயரோடுதான் இருந்திருக்கிறார்கள். நெருங்கிய உறவுத் திருமணத்தைத் தடுப்பது சட்டத்தின் வேறொரு விதி; பெயர் அந்த வேலையைச் செய்வதில்லை.

ஐந்தாண்டுக் காத்திருப்பு

இரண்டு முறை வெளிப்படையாக விசாரித்த பிறகு, 2010 மார்ச் 11 அன்று நீதிமன்றம் வழக்கை இடைநிறுத்தியது. சட்டத்தை எப்படிப் பொருத்துவது என்ற கேள்விக்கு விளக்கம் தரத் தகுதியுள்ள அமைப்பின் பதில் தேவை என்பது காரணம். உச்ச மக்கள் நீதிமன்றமே தேசிய மக்கள் பேரவையின் நிலைக்குழுவிடம், பெற்றோர் இருவரின் குடும்பப்பெயருக்கும் வெளியே ஒன்றைத் தேர்ந்தால் சட்டத்தை எவ்வாறு பொருத்துவது என்று விளக்கம் கேட்டது. பதில் 2014 நவம்பர் 1 அன்றுதான் வந்தது.

அந்த விளக்கத்தின் சாரம் இது. குடிமக்களுக்குப் பெயருரிமை உண்டு. அதைப் பயன்படுத்தும்போது சமூக ஒழுக்கத்தை மதிக்க வேண்டும், பொதுநலனுக்குக் கேடு செய்யக் கூடாது. கொள்கையளவில் தந்தையின் அல்லது தாயின் குடும்பப்பெயரையே ஏற்க வேண்டும். மூன்று நிலைகளில் வெளியே போகலாம்: நேர்வழி மூத்த இரத்த உறவினரான பாட்டி, தாத்தா போன்றோரின் குடும்பப்பெயரைத் தேர்வது, சட்டப்படி வளர்க்கக் கடமைப்பட்டவர் அல்லாத ஒருவர் வளர்க்கும்போது அவருடைய குடும்பப்பெயரை ஏற்பது, பொது ஒழுங்குக்கும் நல்வழக்கத்துக்கும் முரணாகாத வேறு தகுந்த காரணம் இருப்பது. சிறுபான்மை இனத்தவர் தம் பண்பாட்டையும் வழக்கத்தையும் பின்பற்றலாம்.

‘-லாம்’ என்றிருந்தது ‘கொள்கையளவில் வேண்டும்’ என்று ஆனது. கதவு அடைக்கப்படவில்லை, ஆனால் அது குறுகிப்போனது. பெய்யென் என்பது எந்தப் பாட்டியின் பெயரும் அல்ல, எந்த வளர்ப்பாளரின் பெயரும் அல்ல. எனவே முழு வழக்கும் மூன்றாவது நிலைக்குள், ‘தகுந்த காரணம்’ என்ற இரண்டு சொற்களுக்குள் வந்து நின்றது.

2015 ஏப்ரல் 21 அன்று விசாரணை மீண்டும் தொடங்கியது. ஏப்ரல் 25 தேதியிட்ட தீர்ப்பு வாதியின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் பெயரின் இரண்டு பகுதிகளுக்கும் இடையே தெளிவாகக் கோடு கிழித்தது. குடும்பப்பெயர் முன்னோரிடமிருந்து வழிவழியாக வருவது. முன்னோர் மீதான மதிப்பையும் குடும்பப் பற்றையும் அது தாங்கியிருக்கிறது. இடுபெயர் பெற்றோர் தாமே இயற்றித் தருவது. விருப்பமும் எதிர்பார்ப்பும் அதற்குரியவை. கவிதை மீதான காதலும் மகளுக்கான வாழ்த்தும் இடுபெயருக்குப் போதுமான காரணங்கள். புதிய குடும்பப்பெயரைப் படைக்க அவை போதா. தனிப்பட்ட விருப்பத்தை மட்டுமே கொண்டு குடும்பப்பெயரை உண்டாக்குவது மரபையும் ஒழுங்கையும் குலைக்கும், சமூக நிர்வாகத்தின் சுமையைக் கூட்டும் என்றும் தீர்ப்பு சொன்னது. எந்தத் தரப்பும் மேல்முறையீடு செய்யவில்லை.

தீர்ப்பின் மீது சில கருத்துகள்

இரண்டு காரணங்களில் முதலாவது வலுவானது, இரண்டாவது வலுவற்றது என்று கருதுகிறேன். இடுபெயரில் எல்லையற்ற சேர்க்கைகளைத் தினந்தோறும் பதிவு செய்துகொண்டிருக்கும் ஓர் அமைப்பு, ஒரு புதிய குடும்பப்பெயரால் நிலைகுலைந்துவிடாது. நிர்வாக வசதி என்ற வாதம் எவ்வளவு தூரம் இழுபடும் என்பதைப் பெய்ஜிங் இளம்பெண் ஒருவரின் அனுபவம் காட்டுகிறது. குதிரையைக் குறிக்கும் எழுத்தை மூன்று முறை அடுக்கி அமைந்த ஓர் அரிய எழுத்து அவருடைய இடுபெயர். கையால் எழுதிய காலத்தில் அது தொல்லை தரவில்லை. கணினியில் அச்சிடும் புதிய அடையாள அட்டை வந்தபோது எழுத்துருவில் அது இல்லாததால் பெயரை மாற்றச் சொன்னார்கள். அகராதியில் உள்ள எழுத்து, பெற்றோர் முறையாகத் தேர்ந்த எழுத்து. தவறு கருவியின் போதாமையில் இருந்தது. 2013-இல் வெளியான பொதுத் தர எழுத்துப் பட்டியல் 8,105 எழுத்துகளோடு நின்றது. 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கணினிக் குறியீட்டுத் தரமோ 87,887 சீன எழுத்துகளைக் கொண்டிருக்கிறது. கருவி வளர்ந்தால் மறையும் தடையை ஒழுங்கின் பெயரால் நியாயப்படுத்துவது நல்லதல்ல.

வழிவழி வருவது என்ற முதல் காரணம் வேறு தரத்தது. இதை ஷான்டோங்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கன்பூசியஸின் ஊரான சூஃபு இதே மாகாணத்தில்தான் இருக்கிறது. ஜீனானில் இந்தக் குழந்தையின் பெயர் மறுக்கப்பட்ட அதே 2009-இல், கன்பூசியஸின் கோங் குலத்தின் வம்சாவளி நூல் புதுப்பிக்கப்பட்டு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு சூஃபுவில் வெளியிடப்பட்டது. பெண்களின் பெயர்கள் அதில் முதன்முறையாக இடம்பெற்றன. இத்தனை நூற்றாண்டுகள் மகள்களை வெளியே நிறுத்தியிருந்த ஒரு குலம் அப்போதுதான் அவர்களைத் தன் ஏட்டில் ஏற்றுக்கொண்டது. அந்த மண்ணில் குடும்பப்பெயர் என்பது வெறும் அடையாளக் குறி அல்ல. மகளுக்கு அதைத் தருவதே அவளை வரிசையில் சேர்ப்பதாகும். தந்தை, தாய் இருவரின் வரிசையிலும் சேராத பெயரைத் தம் மகளுக்கு இட்டபோது அந்தப் பெற்றோர் அவளை விடுவிக்கத்தான் நினைத்திருக்கலாம். ஆனால் நீதிமன்றம் அதை வேரறுப்பாகப் பார்த்ததும் காரணமற்றதல்ல.

எனக்கு உறுத்துவது காலம். 2009-இல் காவலர் ஒருவர் சில நிமிடங்களில் சொன்ன விடையை உறுதிசெய்ய, நாட்டின் மிக உயர்ந்த சட்டமியற்றும் அமைப்பு தலையிட வேண்டியிருந்தது. அத்தனை ஐயத்துக்கு இடமிருந்த ஒரு விதியைத் தமக்குச் சாதகமாகப் படித்த தந்தையை அறியாமையிலோ பிடிவாதத்திலோ நடந்தவராகக் கருதுவது நியாயமாகாது. மறுபுறம், தீர்ப்பு வந்தபோது மகள் ஆறு வயதைக் கடந்திருந்தாள். சீனச் சட்டப்படி அது தொடக்கப் பள்ளியில் சேரும் வயது. பெயர் என்பது பெற்றோர் தரும் முதல் கொடை என்றால், அதைக் காலத்தே தருவதும் அந்தக் கொடையில் சேரும்.

அவர்கள் முன் இருந்த மற்ற வழிகள்

பெயரைக் காப்பாற்றிக்கொண்டே பதிவை முடிக்க வழி இருந்ததா? இருந்தது, ஒன்றுக்கு மேற்பட்டு. மிக எளியது, ‘லூ யுன்யி’. சீன மொழியின் நான்கு சுரங்களில் லூ மூன்றாவது, யுன் இரண்டாவது, யி முதலாவது. தாழ்ந்து தொடங்கி எழுந்து நிலைபெறும் அழகிய வரிசை அது. இதில் ஒரே தொல்லை, லூவின் உயிரொலி ஆங்கில விசைப்பலகையில் இல்லை என்பது. வங்கிகளில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் அதை எழுதி, இரண்டும் ஒருவரே என்று விளக்கித் திரியும் லூ குடும்பங்கள் ஏராளம்.

தாயின் வழியே போனால் ‘ஜாங் யுன்யி’. ஓசைக்குக் குறைவில்லை. ஆனால் ஹைனான் தீவில் பிறந்து 1955-இல் படையின் பத்து மூத்த தளபதிகளுள் ஒருவராகப் பட்டம் பெற்ற ஜாங் யுன்யியின் பெயர் இதற்கு மிக நெருங்கியது. கடைசி எழுத்தும் அதன் சுரமும் மட்டுமே வேறு. மென்மையான மேகத்தை நினைத்து வைத்த பெயரைக் கேட்டவுடன் பலருக்குத் தளபதியின் முகம் நினைவுக்கு வரும். பெயர் தேர்வோர் உரக்கச் சொல்லிப் பார்ப்பது இத்தகைய எதிரொலிகளைக் கண்டுகொள்ளத்தான்.

நான்கு கவிதைகளில் ஒன்றையும் இழக்க மனமில்லை என்றால், ‘லூ பெய்யென் யுன்யி’ என்று ஐந்து எழுத்தாகவே வைத்திருக்கலாம். இடுபெயர் இத்தனை எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று திருமணச் சட்டம் சொல்லவில்லை. 2007-இல் சுற்றுக்கு விடப்பட்டுச் சட்டமாகாமல் நின்றுபோன பெயர்ப் பதிவு வரைவுகூடப் பெயருக்கு ஆறு எழுத்து வரை இடம் தந்தது. தந்தையின் குடும்பப்பெயருக்கு அடுத்துத் தாயின் குடும்பப்பெயரை இடுபெயரின் முதல் எழுத்தாக வைத்து ‘லூ ஜாங் யுன்யி’ என நான்கு எழுத்தாக்குவது இன்னொரு வழி. இன்றைய நகர்ப்புறப் பெற்றோர் பலரும் இதைக் கையாள்கிறார்கள். இவற்றில் எதை ஏற்றிருந்தாலும் காட்டு வாத்தும் மேகமும் அல்லது மேகம் மட்டுமாவது பதிவேட்டில் ஏறியிருக்கும். தந்தை கோரியது பெயரின் அழகை அல்ல, குடும்பப்பெயரைப் படைக்கும் உரிமையை என்பது இங்கேதான் தெளிவாகிறது. அது கேட்கத் தகாத கேள்வியும் அல்ல.

அதன் பிறகு

வழிகாட்டு வழக்காக அறிவிக்கப்பட்டால், அதையொத்த வழக்குகளில் பிற நீதிமன்றங்கள் அதைக் கருத்தில் கொண்டாக வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியியல் சட்டத் தொகுப்பு, நிலைக்குழுவின் விளக்கத்தைத் தன் 1015-ஆம் பிரிவாக ஏற்றுக்கொண்டது: தந்தையின் அல்லது தாயின் குடும்பப்பெயர், மூன்று விலக்குகள், சிறுபான்மை இனத்தவரின் வழக்கம். பழைய திருமணச் சட்டமும் பொதுக் கோட்பாடுகள் சட்டமும் அன்றே காலாவதியாயின. இன்று ஒரு பதிவு மேசையில் இதே வேண்டுகோள் வந்தால் ‘-லாம்’ பற்றி வாதிட ஒன்றும் இல்லை.

அந்தப் பிரிவு திறந்து வைத்த இரண்டு வாசல்களில் தாயின் வாசல் மெல்லப் பயன்படத் தொடங்கியிருக்கிறது. 2020-இல் பிறந்து பெயர் பதியப்பட்ட குழந்தைகளில் தந்தையின் குடும்பப்பெயரை ஏற்றோருக்கும் தாயினுடையதை ஏற்றோருக்கும் இடையிலான விகிதம் 12:1 என்று அமைச்சக அறிக்கை கூறியது. 1980-இல் ‘உம்’ சேர்த்தும் 2001-இல் அதை நீக்கியும் சட்டம் சொல்லவந்தது இதைத்தான். அது வீடுகளுக்குள் வந்துசேர நாற்பது ஆண்டுகள் ஆயிருக்கின்றன.

இடுபெயரிலோ பெற்றோரின் கற்பனை, தடையில்லாத இடத்திலும், ஒரே பக்கம் சாய்கிறது. 2019-இல் பிறந்த பெண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைக்கப்பட்ட பெயர் ‘யிநுவோ’. ‘ஒரு வாக்கு’ என்று பொருள், கொடுத்த வாக்கு ஆயிரம் பொன் பெறும் என்ற பழமொழியிலிருந்து பிறந்தது. 2021-இல் முதலிடம் ‘ருவோஷி’க்கு, அந்தி நேரத்து அலையேற்றம் போன்றவள் என்பது அதன் பொருள். இரண்டும் நல்ல பெயர்கள். ஆனால் ஒரே வகுப்பில் மூன்று யிநுவோக்கள் உட்காரும்போது, யாருக்கும் இல்லாத ஒரு பெயரை மகளுக்குத் தர விரும்பிய ஜீனான் பெற்றோரின் ஏக்கம் புரிகிறது. யிநுவோவைச் சிலர் வேறெழுத்தால் எழுதுகிறார்கள். அப்போது முதலெழுத்தாக வருவது ‘யுன்யி’யின் கடைசியில் உள்ள அதே ‘யி’, அண்டியிருத்தல்.

வழிகாட்டு வழக்குகளின் பட்டியலில் 89-ஆம் எண்ணின் தலைப்பு இன்றும் வாதியின் பெயரை மேற்கோள் குறிகளுக்குள் தாங்கியிருக்கிறது. எந்தக் குடும்பப் பதிவேட்டிலும் ஏறாத பெயர் என்பதால் நீதிமன்றம் அதை அப்படித்தான் எழுத முடிந்தது.